செந்தாமரை படித்த நோட்டீஸ்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு, "இவ்வளவு படித்த பெண் ஏன் இப்படிச் செய்தாள்" என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். என் பெயர் கனகம். தொண்ணூற்றொன்றில் தண்டலத்துக்குப் பக்கத்தில், பெங்களூர் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு சின்னக் கம்பெனியில், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். டி.வி. பெட்டிக்குள் போகிற செம்புக் கம்பிச் சுருள் செய்கிற கம்பெனி அது. நான் எழுதப்போவது செந்தாமரையைப் பற்றி. அவளே எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு எழுத வராது. விஷயமே அதுதான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே பெஞ்சு. பெஞ்சு என்பது பேச்சுக்குத்தான், தரையில்தான் உட்கார்ந்தோம். ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளி ஏரிக்கரை ஊர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் எட்டாவது வரைக்கும் உண்டு, வாத்தியார்கள் மூன்றே பேர். அதில் தலைமையாசிரியர் பாதி நாள் காஞ்சிபுரத்தில் இருப்பார். இன்னொருவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், அந்த இடத்துக்கு ஆறு வருஷம் ஆள் வரவில்லை. மிச்சம் ஜெபகுமார் சார். ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை அவர் ஒருவரே, நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஓட்டர் லிஸ்ட் எடுக்க அவர், மக்கள்தொகைக் கணக்குக்கு அவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கவும் அவர்தான். ஒன்றாவது பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, "சத்தம் போடாம இருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் சத்தம் போடாமல் இருந்தோம். அதுதான் எங்கள் ஒன்றாம் வகுப்புப் படிப்பு.

எனக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க வீட்டில் அப்பா இருந்தார். செந்தாமரையின் அப்பா நாகப்பன் ஏர் ஓட்டுகிறவர், அம்மா நடவுக்குப் போகிறவள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? ஆனால் அவளுக்கு வேறொரு வரம் இருந்தது. எதையும் ஒரு தடவை காதால் கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். பாட்டு, பாடம், வாய்ப்பாடு, ரேஷன் கடையில் யார் யாருக்கு என்ன வர வேண்டும் என்பது, எல்லாம். எழுத்துகளில் சிலவற்றை அடையாளம் தெரியும். நான்கு எழுத்து சேர்ந்துவிட்டால் கண் கலங்கிப்போகும் என்பாள்.

ஐந்தாவது படிக்கும்போது இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு வாரம் முன்பிருந்தே எங்களுக்கு ஒரே பாடம். "புஸ்தகத்தைக் கையில புடிச்சிக்கணும், தலையக் குனிஞ்சுகினு படிக்கணும்" என்று சார் சொல்லிச் சொல்லி ஒத்திகை பார்த்தார். செந்தாமரைதான் முதல் ஆள். அவளுக்கு அந்த நாலு பக்கமும் தண்ணீர்பட்ட பாடு. பக்கம் எங்கே முடிகிறது என்பதுதான் தெரியாது. அதற்கு நான் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, திருப்ப வேண்டிய இடத்தில் அவள் பாவாடையைப் பிடித்து இழுப்பேன். அன்றைக்கு அவள் படித்த அழகில் இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். சார் முகத்தில் உயிர் வந்தது. எல்லாரும் கைதட்டினோம். அதன் பிறகு யாரும் அவளைத் தடுக்கவில்லை. பரீட்சையில் என் தாளைப் பார்த்து வரைவாள். ஆமாம், எழுதுவாள் என்று சொல்ல முடியாது, கோலம் போடுவது மாதிரி வரைவாள். எட்டாம் வகுப்பு தேர்ச்சி என்று டி.சி. கொடுத்து அனுப்பினார்கள்.

ஜெபகுமார் சாரைத் திட்டி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. பாவாடையை இழுத்தது நான்.

நான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்ப் பன்னிரண்டாவது முடித்தேன், டைப் கற்றுக்கொண்டேன், அங்கேயே கல்யாணமாகிக் குடியேறினேன். எண்பத்தெட்டில் கம்பெனி ஆரம்பித்தபோது என்னை டைம் ஆபீசுக்கு எடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பதினான்கு பெண்களை டேப்பிங் லைனுக்கு எடுத்தார்கள். சுற்றிய சுருளுக்கு டேப் ஒட்டி, முனையைச் சுரண்டி, பெட்டியில் அடுக்குகிற வேலை. அதில் பதின்மூன்று பேர் பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவர்கள். டி.சி. வைத்திருந்தவள் செந்தாமரை மட்டும். அதனால் அவள் லைன் லீடர்.

வேலையில் அவள் புலி. சூப்பர்வைசர் எழிலரசன் காலையில் சார்ட்டை ஒரு தடவை வாசிப்பார். எந்த மாடலுக்கு எத்தனை சுற்று டேப், எந்த நிறம், எந்த முனை, சாயந்திரம் வரைக்கும் அவள் தலையில் அப்படியே நிற்கும். ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை. பெண்கள் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்து அதுவே பெயராகிவிட்டது.

டீச்சரம்மா என்றால் கடுதாசி படிக்க வேண்டாமா? லைனில் மூத்தவள் ராஜம்மா, புருஷனை இழந்தவள். அவள் மகன் அண்ணாதுரை பம்பாயில் இருந்து மாதம் ஒரு கடிதம் போடுவான். காலையில் அதைக் கொண்டுவந்து நீட்டுவாள். "கையெல்லாம் பிசினா கீதுக்கா, சாப்பாட்டு நேரத்துல படிக்கிறேன்" என்று செந்தாமரை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். டீ நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வருவாள். நான் ஒரு தடவை படித்துக் காட்டுவேன். மத்தியானம் ராஜம்மாவைத் தனியாக உட்கார வைத்து, அவள் கடிதத்தைப் பிரித்து, தலையைக் குனிந்து, அண்ணாதுரை பேசுவது மாதிரியே படிப்பாள். ராஜம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நோட்டீஸும் அப்படித்தான். டைப் அடிப்பவள் நானே என்பதால், போர்டில் ஒட்டுவதற்கு முன்பே அவள் காதில் போட்டுவிடுவேன். மூன்று வருஷம் இப்படி ஓடியது. ஒரு குருவிக்குத் தெரியாது.

தொண்ணூற்றொன்று பிறந்ததிலிருந்தே எதுவும் சரியில்லை. வளைகுடாவில் சண்டை என்றார்கள், இங்கே மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது, அப்புறம் மாதக்கணக்கில் ரோட்டில் போலீஸ், சைக்கிளைக்கூட நிறுத்திச் சோதனை. ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. ராஜம்மா அதைக் கேட்டுவிட்டு, பத்து ரூபாய் நோட்டைக் கடைக்காரன் இனிமேல் எட்டு ரூபாய்க்குத்தான் எடுப்பான் என்று நம்பி, வீட்டில் இருந்த நோட்டையெல்லாம் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் அரிசியாக மாற்றிக்கொண்டு வந்தாள். சிரித்தோம். அரசாங்கம் தங்கத்தை மூட்டை கட்டி வெளிநாட்டில் அடகு வைத்துவிட்டதாம் என்று டீக்கடையில் பேப்பர் படித்தவர்கள் சொன்னார்கள். எங்கள் பெண்களுக்கு அது நன்றாகப் புரிந்தது. தாலியைக் கழற்றிக் கொடுக்கிற வீட்டில் அடுத்த வேளை என்ன நடக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நாடே கவுந்துடும்ன்றாங்களேடி. நம்ம கம்பெனி நிக்குமா?" என்று செந்தாமரை என்னைக் கேட்டாள்.

"நிக்கும் நிக்கும்" என்றேன். எனக்கு என்ன தெரியும்? சுருளுக்குள் வைக்கிற கருப்புக் கட்டை சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், அதை வரவழைக்க வங்கியில் முழுப் பணமும் முன்னாடியே கட்டச் சொல்கிறார்கள், முதலாளி கையைப் பிசைகிறார், இதுதான் தெரியும். ஜூன் பாதியில் முதல் நோட்டீஸ் வந்தது. நானே டைப் அடித்தேன். ஐந்து வரி. "மூலப்பொருள் வராததால் டேப்பிங் லைனுக்குப் பதினைந்து நாள் லே-ஆஃப். பாதிச் சம்பளம் உண்டு. வரும் முதல் தேதி அனைவரும் வேலைக்கு வரவும்." செந்தாமரைக்குச் சொன்னேன். அவள் போர்டுக்கு முன்னால் நின்று கணீரென்று படித்தாள். முதல் தேதி எல்லாரும் வந்தார்கள்.

வேலை போனால் அவளுக்கு இடி எங்கே விழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தங்கை பிரவீனாவுக்குப் பத்து வயது, எங்கள் அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது. ஒருநாள் ராத்திரி பிரவீனா பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது செந்தாமரை சும்மா கையை நீட்டிப் பக்கத்தை மறைத்திருக்கிறாள். தங்கை நிற்காமல் படித்துக்கொண்டே போனாளாம்.

"எனக்கு அப்பிடியே பகீர்னு ஆச்சுடி" என்று மறுநாள் என்னிடம் வந்து அழுதாள். "எங்கம்மாவுக்குக் கண்டுபுடிக்கத் தெரியாது. எங்கப்பனுக்குத் தெரியாது. நான் செஞ்ச வேல ஆச்சே, எனக்குத் தெரியாதா?"

ஸ்ரீபெரும்புதூரில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளியில் போய்க் கேட்டாள். நடுவில் சேர்ப்பதில்லை, ஆனாலும் ஒரு இடம் இருக்கிறது, ஜூலை முப்பத்தொன்றுக்குள் பணம் கட்டிச் சேர்த்துவிடு என்றார்கள். பஸ், சீருடை, ஃபீஸ் எல்லாம் அவள் சம்பளத்தை நம்பித்தான். அதோடு அவளுக்கும் ஒரு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கும் கத்துக் குடு" என்று சாப்பாட்டு நேரத்தில் சிலேட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

மூன்று நாள் வந்தாள். நான் எப்பேர்ப்பட்ட வாத்தியார் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவளுக்குக் காதில் நிற்கும், கண்ணில் நிற்காது. நான் சொன்னதை உடனே ஒப்பிப்பாள், எழுத்தை இடம் மாற்றி எழுதிக் காட்டினால் விழிப்பாள். மூன்றாவது நாள், ஜூலை பதினைந்து, திங்கட்கிழமை, நான் பொறுமை இழந்தேன். ஸ்கேலால் அவள் கையில் ஒன்று போட்டேன். இருபத்தொரு வயதுப் பெண்ணின் கையில்.

"தலைக்குள்ள இன்னாடி வெச்சுகினு கீற, களிமண்ணா?" என்று கத்தினேன்.

அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வேணான்டி. வுட்டுடு" என்றாள்.

"போ! ஆனா ஒன்னு. இனிமே நோட்டீஸும் படிச்சுக் காட்ட மாட்டேன், கடுதாசியும் படிச்சுக் காட்ட மாட்டேன். ஊரை ஏமாத்தற வேலைக்கு நான் ஆளில்ல" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மேனேஜர் ஒரு கவரைக் கொடுத்தார். மெட்ராஸ் ஹெட் ஆபீசிலேயே டைப் அடித்து வந்திருந்தது. அதே கம்பெனி பெயர், அதே ரப்பர் ஸ்டாம்ப், அதே ஐந்து வரி. "போர்டில் ஒட்டு, யாரிடமும் வாயைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். ஒட்டும்போது படித்தேன். "டேப்பிங் லைன் நாளை முதல் நிறுத்தப்படுகிறது. வேலையில் தொடர விரும்புவோர் நாளை மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். வராதவர்கள் தாமாகவே வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படுவர்."

பெண்கள் போர்டைச் சுற்றிக் கூடினார்கள். "டீச்சரம்மா, இன்னா போட்டுக்கீது? படி" என்றாள் ராஜம்மா. செந்தாமரை தலையைத் திருப்பி, டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ரிஜிஸ்டரில் கோடு போட ஆரம்பித்தேன். அவள் தேடி வரட்டும், கேட்கட்டும், அப்போது சொல்கிறேன் என்று இருந்தேன். எனக்கு அவ்வளவு வீம்பு.

அவள் படித்தாள். கணீரென்ற குரலில், நிறுத்தி நிதானமாக. "மூலப்பொருள் வராததால் டேப்பிங் லைனுக்குப் பதினைந்து நாள் லே-ஆஃப். பாதிச் சம்பளம் உண்டு. வரும் முதல் தேதி அனைவரும் வேலைக்கு வரவும்."

ஜன்னலுக்கும் போர்டுக்கும் இருபது அடி இருக்கும். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல ஐந்து நிமிஷம்கூட வேண்டாம். நான் எழுந்திருக்கவில்லை. சாயந்திரம் எப்படியும் தொட்டிப் பக்கம் வருவாள் என்று நினைத்தேன். லைனுக்கு அன்று கட்டை தீர்ந்துவிட்டது, இரண்டு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் பதினான்கு பேரும் போய்விட்டிருந்தார்கள்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் மேனேஜரிடம் பர்மிஷன் கேட்டேன், கொடுக்கவில்லை. பதிவேடு அவர் மேஜையில் திறந்து கிடந்தது, ஒரு பெயர் இல்லை. "பரவால்ல, எல்லாருக்கும் இஷ்டமில்ல போல" என்று சிரித்தார். இரண்டரை மணிக்கு வயிற்றுவலி என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தேன். ஊர் ஆறு மைல். போய்ச் சேரும்போது மூன்றரை.

அவர்கள் ஏரிக்குக் கீழே கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். லே-ஆஃப் என்றால் வீட்டில் உட்கார அவர்களுக்கு எங்கே வசதி? செந்தாமரையை வரப்புக்குக் கூப்பிட்டு நோட்டீஸில் இருந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏறுடி சைக்கிள்ல. நீயாச்சும் வந்து கையெழுத்தப் போடு. பிரவீனா சீட்ட நெனச்சுப் பாரு" என்றேன்.

அவள் சேற்றுக் காலோடு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "நான் படிச்சத நம்பித்தான இவங்க வூட்டுக்கு வந்தாங்க." கழனியைப் பார்த்துத் திரும்பி, "அக்கா, எல்லாரும் வாங்க, கம்பெனிக்குப் போவணும், அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும்" என்று கூப்பிட்டாள்.

ஒருத்தியும் அசையவில்லை. கையெழுத்து என்ற வார்த்தையே அந்த நாட்களில் பயம். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் எங்கோ வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆட்களை அனுப்பிவிட்டதாக ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. அமலா என்று ஒருத்தி, வாய்த்துடுக்குக்காரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். "நேத்து முதல் தேதின்னு போட்டுகினு கீது, இன்னிக்கு அஞ்சு மணியா? ஆபீஸ்காரிய அனுப்பிக் கையெழுத்து வாங்கினு வரச் சொன்னாங்களா?"

"நேத்து நான் தப்பாப் படிச்சுட்டேன்" என்றாள் செந்தாமரை.

"நீயா? தப்பாவா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா."

கழனியே சிரித்தது. "டீச்சரம்மாவுக்குப் படிக்கத் தெரியாதாம்டி!" என்று ஒருத்தி இன்னொருத்தியின் தோளைத் தட்டினாள். செந்தாமரை இரண்டாம் தடவை சொன்னாள், மூன்றாம் தடவை அழுதுகொண்டே சொன்னாள். நான் சத்தியம் செய்தேன். ஆபீஸ்காரியின் சத்தியத்தை யார் நம்புவார்கள்? சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது. மணி நாலே காலைத் தாண்டிவிட்டது.

ராஜம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இன்னா பேச்சுடி இது. அப்ப எம்புள்ள கடுதாசிய யார் படிச்சது?"

"கனகம் படிச்சாக்கா. தொட்டிக்குப் பின்னால. நான் கேட்டுகினு வந்து ஒப்பிச்சேன்."

"மூனு வருசமாவா?"

"ஆமாக்கா."

ராஜம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அவள் மருமகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்தது, மகன் குடிக்க ஆரம்பித்தது, அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த எல்லாம் அந்தக் கடிதங்களில் இருந்தன. செந்தாமரை ஒருத்திக்கு மட்டும் தெரியும் என்று நம்பியிருந்தாள். கையிலிருந்த களையை வரப்பில் போட்டாள்.

"கெளம்புங்கடி" என்றாள். "இவ சொல்றது நெசம். ஒரு நாளும் கடுதாசிய வாங்கின ஒடனே படிச்சதில்ல."

ஒரகடம் ரோட்டில் செங்கல் லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார்கள். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு அவர்களோடு ஏறினேன். நடுவில் போலீஸ் சோதனை, பதினான்கு பெண்கள் சேற்றுக் காலோடு ஏன் லாரியில் போகிறார்கள் என்று இறக்கி ஏற்றினார்கள். கம்பெனி கேட்டுக்கு வந்தபோது ஐந்து இருபது. வாட்ச்மேன் மண்ணாங்கட்டி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அஞ்சு அடிச்சதும் ரிஜிஸ்டர எடுத்துகினு கார்ல பூட்டாரும்மா" என்றார். அவருக்கே சங்கடம், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அமலா ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள். செந்தாமரையின் தலைமுடியைப் பிடிக்கப் போனாள், மற்றவர்கள் தடுத்தார்கள். ராஜம்மா கத்தவில்லை. "ஒரு வார்த்த, தெரியலன்னு சொல்லியிருக்கலாமே தாயி. நாங்க எல்லாரும் தெரியாதவங்கதான? எங்ககிட்ட இன்னா வெட்கம்?" என்று மட்டும் கேட்டாள். செந்தாமரை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஹெட் ஆபீசிலிருந்து பதினான்கு கவரும் பதினான்கு தாளும் வந்தன. தாளில் கையெழுத்துப் போட்டால் ஒரு தொகை கொடுப்பார்கள். "அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொண்டு, என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்" என்று அதில் இருந்தது. ராஜம்மா எல்லாரையும் கூட்டி, யாரும் போடக்கூடாது, காஞ்சிபுரத்தில் லேபர் ஆபீசரிடம் போவோம் என்று முடிவு செய்தாள். செந்தாமரையைக் கூப்பிடவில்லை. ஆனாலும் தகவல் அவளுக்குப் போயிற்று.

இருபத்தொன்பதாம் தேதி அவள் தனியாக வந்தாள். பத்து நாளில் ஆளே பாதியாக இளைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று, "படி" என்றாள். படித்தேன். "திருப்பிப் படி" என்றாள். இன்னொரு தடவை படித்தேன்.

"படித்துப் புரிந்துகொண்டுன்னா போட்டுக்கீது?"

"ஆமா" என்றேன். அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"தாமரை, அவங்க போராடப் போறாங்க. நீ போட்டா அவங்களுக்குக் கஷ்டம்டி" என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "முப்பத்தொன்னு வரைக்கும்தான் சீட்டு." பேனாவை வாங்கி, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். அவள் போன பிறகு நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

நான் பயந்தது அப்படியே நடந்தது. அதே லைன் லீடர் நோட்டீஸைப் படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று லேபர் ஆபீசில் கேட்டார்களாம். பதின்மூன்று பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ராஜம்மா மறுபடியும் களை எடுக்கப் போனாள். செந்தாமரை படப்பையில் வீட்டு மனைகளில் கல் சுமக்கப் போனாள், ஊரில் ஒருத்தியும் அவளோடு தண்ணீர் எடுக்க வருவதில்லை. அவள் யாரிடமும் போய் நியாயம் சொல்லவும் இல்லை.

அதற்கெல்லாம் முன்னால், ஜூலை முப்பத்தொன்றாம் தேதி காலையில் என்னைக் கூப்பிட்டாள், விண்ணப்பம் எழுதிக் கொடுக்க. அவளும் நானும் பிரவீனாவும் அந்தப் பள்ளி ஆபீசில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைப் புடவைச் சிஸ்டர் ஒருவர், வயசானவர், நல்ல மாதிரி. பிரவீனாவிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அது அவள் பார்த்திராத புத்தகம். அவள் பக்கத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். ஒரு எழுத்து வெளியே வரவில்லை. சிஸ்டர் மூன்றாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தார், இரண்டாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தார், அதற்கும் அப்படித்தான்.

"ஐந்தாவதில் சேர்க்க முடியாதும்மா" என்றார் சிஸ்டர் மெதுவாக. "மூன்றாவதில் போட்டுப் பார்க்கலாமா?"

"ஒன்னாவதுல போடுங்க சிஸ்டர்" என்றாள் செந்தாமரை.

பிரவீனா விசும்ப ஆரம்பித்தாள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு செந்தாமரையைப் பார்த்தார். "பத்து வயதுப் பெண்ணை அஞ்சு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் மற்றவர்கள் சிரிப்பார்களே. பிள்ளை மனசு கஷ்டப்படும்."

"சிரிக்கட்டும் சிஸ்டர்" என்றாள் செந்தாமரை. தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் எட்டு வருசம் எட்டு கிளாஸ்லயும் ஒக்காந்துகினு வந்தேன். ஒருத்தரும் சிரிக்கல."